பழைய மீன் தொட்டி: பாதி நிரப்பினால் சோதனை ஆகாது

"டீச்சர், தொட்டி நல்லா இருக்கு. தாத்தா வீட்டு ஸ்டோர்லதான் கிடந்துச்சு. ஒரு கீறல்கூட இல்ல."

படிவம் 2 மாணவன் ஒருவன் சொன்ன இந்தச் சொல்லை நம்பி, ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியை எங்கள் பள்ளி அறிவியல் கூடத்திற்குக் கொண்டு வந்தோம். பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த தொட்டி. சோதிக்காமல் வைத்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதியம் தொட்டியை முழுதாக நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, கப்பி மீன்களை விட்டுவிட்டு வீட்டிற்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகள் ஊறிப்போய்க் கிடந்தன. தொட்டியில் நான்கு விரல் உயரத்திற்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் கப்பிகள் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. என்னை உறைய வைத்தது வேறு. தொட்டிக்குக் கீழே தரையில் போட்டிருந்த நீட்டிப்பு பிளக் முழுக்க நனைந்திருந்தது. சுவர் பெட்டியில் இ.எல்.சி.பி. விழுந்து மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. அது விழாமல் இருந்து, எனக்கு முன்னால் ஒரு பிள்ளை உள்ளே ஓடியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

பாதி நிரப்பியபோது ஒழுகாத தொட்டி, முழுதாக நிரப்பியபோது ஏன் ஒழுகியது? தண்ணீர் இரண்டு மடங்கானது, ஆகவே சுமையும் இரண்டு மடங்கானது என்றுதான் பலர் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்து, பாதிக்குத் தாங்கினால் முழுமைக்கும் ஓரளவு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அதே மாணவர்களுக்கு அதே ஆண்டு திரவ அழுத்தம் பாடம் நடத்திய ஆசிரியை நான். வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

சதுரமாக ஏறும் கணக்கு

எங்கள் தொட்டியின் நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45. மேலே சிறிது இடம் விட்டு 40 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றினால் 162 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக 162 கிலோ. இது கீழ்நோக்கிய எடை. இதைத் தாங்குவது அடிக்கண்ணாடியும் மேசையும். நமக்கு முக்கியமானது, முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை.

நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போகும். நீர்மட்டத்தில் அது பூச்சியம். அடியில் மிக அதிகம். ஒரு பக்கக் கண்ணாடியின் மீதுள்ள மொத்த விசையைக் கண்டுபிடிக்க, சராசரி அழுத்தத்தை நனைந்த பரப்பளவால் பெருக்க வேண்டும். தண்ணீரின் உயரம் இரு மடங்கானால் சராசரி அழுத்தமும் இரு மடங்காகிறது. நனைந்த பரப்பளவும் இரு மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் விசை நான்கு மடங்கு. உயரம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு.

எங்கள் தொட்டிக்கே கணக்குப் போடுவோம். 10 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும்போது முன்கண்ணாடியைத் தள்ளும் விசை சுமார் நாலரை கிலோ எடைக்குச் சமம். 20 சென்டிமீட்டரில் 18 கிலோ. 30 சென்டிமீட்டரில் 40 கிலோவுக்குச் சற்று மேல். 40 சென்டிமீட்டரில் 72 கிலோ. அதாவது வளர்ந்த ஆள் ஒருவர் உள்ளேயிருந்து தன் முழு எடையையும் கண்ணாடியின் மேல் சாய்த்துக்கொண்டு இரவும் பகலும் நகராமல் நிற்பதற்குச் சமம். நான் செய்த சோதனையில் அந்த ஆளுக்குப் பதிலாக ஆறு வயதுப் பிள்ளையைச் சாய வைத்துப் பார்த்துவிட்டு, 'சரி, தாங்குது' என்று சொல்லியிருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொட்டியின் அகலம் 45 சென்டிமீட்டருக்குப் பதில் 4.5 சென்டிமீட்டராக இருந்தாலும் முன்கண்ணாடியின் மீதுள்ள விசை அதே 72 கிலோதான். கண்ணாடிக்குப் பின்னால் மலாக்கா நீரிணையே நின்றாலும், ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் அமைதியான நீரில் விசை மாறாது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. நம்புவதற்குக் கடினமான இந்த உண்மையை சைமன் ஸ்டெவின் என்ற அறிஞர் 1586-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். நெதர்லாந்தில் கடலைத் தடுத்து நிற்கும் கரைகளோடும் மதகுகளோடும் வேலை செய்த பொறியாளர் அவர். அந்த நாட்டவர்கள் 1641-இல் மலாக்காவைப் பிடித்தபோது, அவர்கள் ஊரில் இந்தக் கணக்கு அரை நூற்றாண்டுப் பழையது. அணைச் சுவர்கள் மேலே மெலிந்தும் அடியில் பருத்தும் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

தொட்டி பெரும்பாலும் அடிப்பக்க இணைப்பிலோ மூலைகளின் கீழ்ப்பாதியிலோ ஒழுகுவதும் இதனால்தான். எங்கள் தொட்டியில் நான்கு விரல் தண்ணீர் மிஞ்சியதற்குக் காரணம், ஓட்டை அடியில் இல்லை. பின்பக்க மூலை இணைப்பில் சுமார் 8 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. பாதி நிரப்பியபோது அந்த இடத்துக்கு மேலே 12 சென்டிமீட்டர் தண்ணீர்தான் நின்றது. முழுதாக நிரப்பியபோது 32 சென்டிமீட்டர். கண்ணாடியும் கூடுதலாக வெளியே வளைந்து, அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த இணைப்பை விலக்கிவிட்டது. ஏறக்குறைய 130 லிட்டர் தரைக்கு வந்தது.

"காஞ்ச தொட்டி ஒழுகும்"

விஷயம் தெரிந்ததும் மாணவனின் தாத்தா சிரித்துவிட்டுச் சொன்னாராம்: "காஞ்ச தொட்டி ஒழுகத்தான் செய்யும். நாங்கல்லாம் மீன் இல்லாட்டியும் தண்ணி ஊத்தியே வச்சிருப்போம்." மீன் வளர்க்கும் மூத்தவர்கள் பலரிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இது மூடநம்பிக்கை இல்லை. அவர்கள் வைத்திருந்த தொட்டிக்கு அது உண்மை.

1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் முதல் பொது மீன்காட்சியகம் திறந்த காலத்திலிருந்து ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு மேல், வீட்டு மீன் தொட்டி என்றால் உலோகச் சட்டத்திற்குள் கண்ணாடிகளைப் பொருத்தி, இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்த பெட்டிதான். சன்னல் கண்ணாடிக்கு வைக்கும் அதே வகைப் புட்டி. சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது. தண்ணீர் இருக்கும்வரை அதன் அழுத்தம் கண்ணாடியைப் புட்டியின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் பிடி தளரும். புட்டி காய்ந்து இறுகி வெடிக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு வழியாக ஒழுகும். தாத்தா சொன்னது இந்தத் தொட்டியைத்தான்.

1960களில் சிலிகோன் பசை வந்தது. சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டித் தொட்டி செய்யும் முறை அதன் பின்னரே பரவியது. சிலிகோனின் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. கண்ணாடியும் அதே இரண்டு தனிமங்களை அடிப்படையாகக் கொண்டதுதான். இந்த உறவினால்தான் சிலிகோன் கண்ணாடியை அவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது. ரப்பர்போல வளைந்து கொடுக்கும். துத்தநாகக் கூரைக்குக் கீழுள்ள சூட்டையும் வெயிலையும் நன்றாகவே தாங்கும். புட்டியைப்போல் தண்ணீர் இல்லாமல் காய்ந்து வெடிக்கும் பொருள் இல்லை அது.

அப்படியானால் ஸ்டோரில் கிடந்த தொட்டி ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் நாம் அதற்குச் செய்தவற்றால். பாசியைச் சுரண்டப் பிளேடு போட்டவர், மூலையிலிருந்த சிலிகோனையும் சேர்த்துச் சீவியிருப்பார். மணலையும் கொஞ்சம் தண்ணீரையும் உள்ளேயே வைத்து இருவர் தூக்கியிருப்பார்கள். மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குவது இன்னொரு தவறு. தொட்டியை எப்போதும் அடியில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும். மேடு பள்ளமான தரையில் சாய்த்து வைத்து, அதன் மேலே பழைய காற்றாடியும் பெயிண்டு டின்னும் அடுக்கியிருப்பார்கள். பல மாதம் முறுக்கிய நிலையில் நிற்கும் தொட்டியில், கண்ணாடிக்கும் சிலிகோனுக்கும் இடையிலான பிடிப்பு ஓர் ஓரத்திலிருந்து மெல்ல விட்டுப்போகும். சிலிகோன் கிழிவதில்லை, கண்ணாடியிலிருந்து உரிகிறது. பார்வைக்கு எல்லாம் முழுமையாகவே தெரியும்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக்கில் செய்த தொட்டி என்றால் கதை மீண்டும் மாறுகிறது. அக்ரிலிக் சிறிதளவு நீரை உறிஞ்சிக்கொள்ளும் பொருள், காய்ந்தால் சுருங்கும். பெர்லினில் ஒரு தங்குவிடுதியின் கூடத்தில் நின்ற அக்வாடோம் என்ற 14 மீட்டர் உயர உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது நினைவிருக்கலாம். சுமார் பத்து லட்சம் லிட்டர் நீர் வீதிவரை பாய்ந்தது. அதிலிருந்த ஏறக்குறைய 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. விடியும் முன் நடந்ததால் இருவருக்கு மட்டும் காயம். உறுதியான காரணத்தை நிபுணர் குழுவால் நிறுவ முடியவில்லை. ஆனால் 2023-இல் அது மூன்று சாத்தியங்களைச் சொன்னது. ஒன்று, ஒட்டிய இணைப்பு விட்டிருக்கலாம். இரண்டு, புதுப்பிப்பு வேலையின்போது அடிப்பாகத்தில் ஒரு வெட்டு விழுந்திருக்கலாம். மூன்றாவது, புதுப்பிப்புக்காகக் காலி செய்த தொட்டியைத் திரும்ப நிரப்பத் தாமதமானதால் அக்ரிலிக் காய்ந்துபோயிருக்கலாம். நம் வீட்டு மூன்றடித் தொட்டிக்கும் அதற்கும் ஒப்பீடு இல்லைதான். ஆயினும் தாத்தாவின் 'காஞ்ச தொட்டி' அங்கேயும் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

தண்ணீர் ஊற்றும் முன்

நம் ஊர்களில் சும்மா கிடக்கும் தொட்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் லோஹான் மீன் மோகம் உச்சத்தில் இருந்தது. அதன் உடம்பிலுள்ள கறுப்புப் புள்ளிகளில் நான்கு எண் லாட்டரிக்கு எண் தேடியவர்களை நானே சிறு வயதில் பார்த்திருக்கிறேன். மீன் போய்விட்டது, தொட்டி ஸ்டோரில் நிற்கிறது. பிறகு 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டில் அடைந்து கிடந்த நாள்களில் எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீடுகளில் புதிதாகத் தொட்டி வந்தது. அவற்றில் பாதி இப்போது விற்பனைக்கு. விலை மலிவு, 50, 60 வெள்ளிக்கே மூன்றடித் தொட்டி கிடைக்கிறது. வாங்குவதில் தவறில்லை.

முதலில் உலர்ந்த நிலையிலேயே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கைத்தொலைபேசி விளக்கை அடித்து, இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தை வெளியிலிருந்து பாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் சிலிகோன் ஒரே நிறமாகத் தெரியும். பிடிப்பு விட்ட இடம் வெள்ளிபோல மினுங்கும். அல்லது வெளிறிய திட்டாகத் தெரியும். நடுவில் தனியாக நிற்கும் சிறு குமிழி பெரிய ஆபத்தில்லை. உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீளும் குமிழியோ திட்டோ இருந்தால் அதுதான் தண்ணீருக்கு வழி. பிறகு உள்மூலைகளில் ஓடும் சிலிகோன் பட்டையை நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். ஓரம் எழும்பி வந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. தண்ணீர் ஊற்றும் முன் பழுது பார்க்க வேண்டும்.

அடுத்து கண்ணாடி. விளிம்புகளின் மேல் ஒரு துண்டுப் பஞ்சை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத உடைவிலும் பஞ்சு நார் மாட்டிக்கொள்ளும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். இந்தச் சின்ன உடைவு ஏன் பெரிய விஷயம் என்பதை பிரிட்டிஷ் பொறியாளர் கிரிஃபித் 1921-இல் விளக்கினார். கண்ணாடியின் மேல் இழுவிசை விழும்போது அது எங்கும் சமமாகப் பரவாமல் வெடிப்பின் கூர்நுனியில் குவிகிறது. கண்ணாடி அதன் வேதியியல் பிணைப்புகளை வைத்துக் கணக்கிடும் பலத்தைவிட நிஜத்தில் மிகக் குறைந்த பலத்துடன் இருப்பதற்கு இந்த நுண்வெடிப்புகள்தான் காரணம். இன்னொன்றும் உண்டு: விசை இருக்கும்போது, ஈரம் வெடிப்பின் நுனியிலுள்ள பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். அதனால்தான் ஊற்றிய உடனே உடையாத கண்ணாடி சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் 'படார்' என்று உடைகிறது. மேலோட்டமான கீறலைப் பொறுத்துக்கொள்ளலாம். மூலையில் பெயர்ந்த துண்டோ, ஓடிய வெடிப்போ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தத் தொட்டியை விட்டுவிடுவதே நல்லது. வெடிப்பைச் சிலிகோன் பூசி மறைத்திருந்தால் இன்னும் வேகமாக நகர்ந்துவிடுங்கள்.

மேலே குறுக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையையும் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள கண்ணாடிகள் வெளியே வளையாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். மீன் பிடிக்கக் கை நுழையவில்லை என்று சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பட்டை இருந்ததற்கான ஒட்டுத் தடம் மட்டும் தெரிந்தால், அந்தத் தொட்டியை அப்படியே நிரப்பக் கூடாது.

தொட்டி வீட்டுக்கு வெளியே கிடந்ததா? அப்படியானால் உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். ஏடிஸ் கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டை ஒட்டும். அந்த முட்டைகள் தண்ணீர் வற்றிய பின்னும் பல மாதம் உயிரோடு இருக்கும். நாம் சோதனைக்கு ஊற்றும் தண்ணீரே அவற்றைப் பொரிய வைத்துவிடும். கழுவுவதற்குச் சவர்க்காரம் வேண்டாம்; அதன் எச்சம் மீனுக்கு ஆகாது. வெள்ளையாகப் படிந்த உப்புக் கறையை வினிகரால் துடைத்தால் போய்விடும்.

மூன்று நாள் சோதனை

சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். வெளியே, நீர் வழிந்தாலும் பரவாயில்லாத இடத்தில் செய்யுங்கள். ஆனால் நம் வீட்டு முன்தாழ்வாரம், கார் நிற்கும் இடம் எல்லாம் மழைநீர் கால்வாய்க்கு ஓடும்படி சாய்வாகவே கட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வைத்தால் தெரியும். வெறும் சாய்வு அவ்வளவு கெடுதல் இல்லை. ஒரு மூலை தூக்கி நின்று தொட்டி முறுகுவதுதான் கெடுதல். தடித்த பலகை ஒன்றைப் போட்டு, அடியில் சக்கை வைத்து மட்டப்படுத்தி, அதன் மேல் வெள்ளை போலிஸ்டைரின் தகடு ஒன்றை விரித்துத் தொட்டியை வையுங்கள். தரையிலுள்ள சின்ன மணல்கூட 160 கிலோ எடைக்குக் கீழே ஆணிபோல வேலை செய்யும். தகடு அதை உள்வாங்கிக்கொள்ளும். அடியைச் சுற்றிச் சட்டம் உள்ள தொட்டிக்கு இந்தத் தகடு தேவையில்லை. அதன் எடை சட்டத்தின் மேல்தான் நிற்கும்.

அடுத்து, தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் பழைய நாளிதழை விரியுங்கள். நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தத் தாளையே நாளை பயன்படுத்தலாம், எனக்கு வருத்தமில்லை. நாளிதழ்த்தாள் ஒரு துளி பட்டாலும் கறுத்துக் காட்டும். துளி எங்கே விழுந்தது என்ற தடமும் இருக்கும்.

இனித் தண்ணீர். முதலில் 10 சென்டிமீட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் பொறுங்கள். பிறகு 20, பிறகு 30. ஒவ்வொரு முறையும் நின்று, கீழ் இணைப்பு முழுவதையும் காய்ந்த டிஷ்யூத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஊற்றும்போது வெளியே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கசிவு என்று வீணாகப் பயப்படுவோம். கடைசியில், மீன் விடும்போது எந்த உயரத்திற்குத் தண்ணீர் இருக்குமோ அந்த உயரத்திற்கே நிரப்ப வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 30-இலிருந்து 40 சென்டிமீட்டருக்குப் போகும் கடைசி 10 சென்டிமீட்டர், முதல் 20 சென்டிமீட்டர் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையைக் கூட்டுகிறது.

நிரம்பியதும் நீளமான ஓர் அளவுகோலை முன்கண்ணாடியின் மேல் கிடையாக வைத்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி சிறிது வெளியே தள்ளி நிற்பது இயல்பு. அடுத்தடுத்த நாள்களில் அந்த வளைவு கூடிக்கொண்டே போனால் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

நீர்மட்டத்தைக் குறித்து வைத்தாலே போதாதா என்று என் மாணவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் ஒரு நாளில் 8,640 சொட்டு. அதாவது 432 மில்லிலிட்டர். ஒரு பெரிய குவளைத் தண்ணீர் உங்கள் மேசைக்குள் ஊறுகிறது. ஆனால் 90-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில் நீர்மட்டம் இறங்குவது வெறும் 1 மில்லிமீட்டர்தான்! நம் வெயிலில் ஆவியாதலே ஒரு நாளில் அதைவிடக் கூடுதலாக இறக்கிவிடும். ஆகவே மட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒழுகாத வாளி ஒன்றை அதன் பக்கத்திலேயே வைத்து, அதையும் விளிம்புவரை நிரப்பி, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவி. தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. பாடநூலில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று படிப்பது இதைத்தான். வாளியும் தாளும் இரண்டும் சேர்ந்தால்தான் முடிவை நம்பலாம்.

எத்தனை நாள்? ஒரு நாள் போதாது. மெல்ல உரியும் இணைப்புக்கும் மெல்ல வளரும் வெடிப்புக்கும் நேரம் கொடுக்க வேண்டும். நான் மூன்று நாள் வைக்கிறேன். அதற்கு மேல் ஒரு வாரம் என்று போகாதீர்கள். ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் வீட்டு முற்றத்தில் நிற்கும் மீன் தொட்டிக்கும் பொருந்தும். ஒரு வலைத்துணியால் மூடி வையுங்கள். சோதனை முடிந்ததும் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்காவே தண்ணீருக்கு அலைந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றலாம்.

கசிந்தால்

வெளியே சொட்டும் இடம்தான் உள்ளே ஓட்டை இருக்கும் இடம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் இணைப்புக்குள் நுழைந்து, அதன் வழியாகவே ஓடி, வசதியான இடத்தில் வெளியே வரும். ஆகையால் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டுச் சிலிகோன் வைப்பதால் பயனில்லை. பழைய சிலிகோனின் மேல் புதிய சிலிகோன் சரியாக ஒட்டுவதும் இல்லை. பலர் தோற்பது இங்கேதான். மேலே மேலே பூசுகிறார்கள்; தண்ணீர் அதற்கு அடியில் போய்க்கொண்டே இருக்கிறது.

சரியான வழி: தொட்டியைக் காலி செய்து நன்றாக உலர விட்டு, உள்மூலையிலுள்ள பட்டை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புதுச் சிலிகோனை ஒரே மூச்சில் இழுத்துப் பூச வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள சிலிகோனைத் தொடாதீர்கள். தொட்டியைப் பிடித்து நிற்பது அதுதான். அந்த நடு ஒட்டே விட்டுப்போயிருந்தால் தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். ஹார்ட்வேர் கடையில் குளியலறைக்கான சிலிகோனைக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கும், மீனுக்கு அது விஷம். மீன் தொட்டிக்கு என்று எழுதியுள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

பூசியவுடன் வினிகர் வாசனை மூக்கைத் துளைக்கும். இவ்வகைச் சிலிகோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினிகரிலும் அதே அமிலம்தான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் மேல்தோல் சீக்கிரமே உலர்ந்து, விரல் வைத்தால் ஒட்டாது. ஆனால் உள்ளே ஈரம் போய்ச் சேர நேரமாகும். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் இறுகும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மூக்கை வைத்து முடிவு செய்யுங்கள். எங்கள் தொட்டிக்கு நான் ஒரு முழு வாரம் கொடுத்தேன்.

பிறகு மறுபடியும் அதே மூன்று நாள் சோதனை. இந்த முறை 40 சென்டிமீட்டர் வரை. இரண்டாம் நாள் காலையில் ஒரு மூலைத் தாளில் ஈரம் தெரிந்தது. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. பார்த்தால் பக்கத்து வாளியில் யாரோ கை கழுவிச் சிந்தியிருக்கிறார்கள். தாளை மாற்றி, வாளியையும் புதிதாக நிரப்பி, மூன்று நாளையும் முதலிலிருந்து எண்ணினோம். இப்போது தொட்டி அறிவியல் கூடத்தின் சன்னலோரம், இரும்புச் சட்ட மேசை மேல் நிற்கிறது. மணலோடும் கண்ணாடியோடும் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும். நீட்டிப்பு பிளக் சுவரில், நீர்மட்டத்திற்கு மேலே ஏறிவிட்டது. வடிகட்டியின் கம்பி பிளக்குக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவாகத் தொங்கும்படி கட்டியிருக்கிறோம். கம்பி வழியே தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கப்பிகள் இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டன. தாத்தா ஒருநாள் பேரனை அழைக்கப் பள்ளிக்கு வந்தபோது எட்டிப் பார்த்து, "தண்ணிய மட்டும் எடுத்துடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.